பின்பக்க ஷொக் அப்சோபர்: செலவா, முதலீடா?

அளவெட்டி, மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் ஏற்றி வரும் டபிள் கெப்களையும் ஜீப்புகளையும் கவனித்திருப்பீர்கள். பிரதான வீதிகள் நன்றாகவே போடப்பட்டிருக்கின்றன. ஆனால் சரக்கு ஏறுகின்ற இடம் பிரதான வீதியில் இல்லை. மாரியில் பள்ளம் விழுந்தும் கோடையில் புழுதி பறந்தும் கிடக்கின்ற, சுண்ணாம்புக்கல் துருத்தி நிற்கின்ற ஒழுங்கைகளுக்குள்ளேதான் அது ஏறுகின்றது. இந்தப் பாதைகளின் அடியை முதலில் வாங்குவது வாகனத்தின் பின்பக்கமாகும்.

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் ஆரம்பமானது. வரிகள் காரணமாகப் புதிய வாகனம் இன்றும் சாதாரண வியாபாரிக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது. எனவே கையிலுள்ள பழைய வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதே வியாபாரத்தைக் காப்பதாகும். மண்ணெண்ணெயில் கார் ஓட்டி யுத்த காலத்தைக் கடந்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல.

ஷொக்கின் வேலை என்ன?

பலரும் தவறாக விளங்கிக்கொண்டிருக்கும் விடயம் இது. வாகனத்தின் பாரத்தைச் சுமப்பது ஷொக் அல்ல, ஸ்பிரிங்தான். பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி, பின்னர் மேலெழும்பி, மீண்டும் மீண்டும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷொக்கின் வேலை. அதனுள்ளே இருக்கும் பிஸ்டன், எண்ணெயைச் சிறிய துவாரங்கள் வழியாகத் தள்ளுகின்றது. அசைவின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. கரடுமுரடான பாதையில் ஓடிய பின்னர் நல்ல ஷொக் சூடாக இருப்பது இதனாலேயே.

ஆகவே, "ஹெவி டியூட்டி ஷொக் போட்டால் இன்னும் பத்து மூடை ஏற்றலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்பக்கம் தாழ்ந்து போயிருந்தால் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. களைத்துப்போன ஸ்பிரிங்குக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஷொக் போட்டாலும் பலனில்லை.

மாற்ற வேண்டிய நேரம்

- ஷொக்கின் உடம்பில் எண்ணெய் வடிந்து புழுதி அப்பியிருத்தல்.
- பின்பக்கத்தை அழுத்தி விட்டதும், ஒரு தடவையில் அடங்காமல் இரண்டு மூன்று தடவை ஆடுதல்.
- டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத்திட்டாகத் தேய்தல்.
- வெறும் வாகனமாக ஓடும்போது வளைவுகளில் பின்பக்கம் துள்ளி விலகுதல்.

கடைசி அறிகுறி மிகவும் ஆபத்தானது. சில்லு நிலத்தை விட்டு எழும்பும் கணத்தில் பிரேக் பிடிக்காது. பின்னால் ஆட்களும் ஏறி வருகின்ற வாகனமென்றால் இது பணப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையுமாகும்.

எதைத் தெரிவு செய்வது?

சந்தையில் பொதுவாக இரண்டு வகைகள் உண்டு. முதலாவது இரட்டைக்குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டனும், வெளிக்குழாயில் மேலதிக எண்ணெயும் இருக்கும். விலை குறைவு. வெளிக்குழாயில் கல் பட்டு நெளிந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் தொடர்ச்சியாகக் குலுங்கும்போது சூடேறி, எண்ணெய் நுரைத்து, அடக்கும் சக்தி குறைந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் நைதரசன் வாயு நிரப்பியவை இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன.

இரண்டாவது ஒற்றைக்குழாய் வகை. இதில் எண்ணெயும் வாயுவும் ஒரு தடுப்பினால் பிரிக்கப்பட்டிருக்கும். வாயுவின் அழுத்தம் சாதாரண டயர்க் காற்றைவிடப் பல மடங்கு அதிகம். வெப்பம் விரைவாக வெளியேறுவதால் நீண்ட நேரம் தளராது. ஆனால் விலை கூடியது. குழாயில் கல்லடி பட்டு நெளிந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கல் துருத்திய ஒழுங்கைகளில் ஓடும் வாகனத்திற்கு இதைப் போடுவதானால் கல்லடி படாத மறைப்பும் அவசியம்.

தினமும் அரை மணி நேரம் தோட்டப் பாதையில் ஓடி, மீதி நேரம் தார் வீதியில் செல்லும் வாகனத்திற்கு வாயு நிரப்பிய தரமான இரட்டைக்குழாய் ஷொக் போதுமானது. நாள் முழுவதும் கரடுமுரடான நிலத்தில் வேகமாக ஓடுபவர்களுக்கே மற்றது தேவைப்படும்.

அளவு தவறினால்...

ஹைலக்ஸ், எல் 200 போன்றவற்றில் பின்பக்கம் தகட்டு ஸ்பிரிங். பிராடோ, டிஃபென்டர் போன்றவற்றில் சுருள் ஸ்பிரிங். ஒன்றின் ஷொக் மற்றொன்றுக்குப் பொருந்தாது. முழுதாக அமுங்கும்போது முதலில் மோத வேண்டியது சேசிஸிலுள்ள ரப்பர் தடுப்பு. அதற்கு முன்னரே ஷொக் அடியில் முட்டினால் சில நாட்களில் உடைந்துவிடும். வாகனத்தை உயர்த்தி நீளமான ஷொக் போடுபவர்கள், சில்லு முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகின்றதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பின்பக்கப் பாரத்திற்கேற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வாகனங்களில், உயரம் மாறினால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள். இரட்டைக்குழாய் ஷொக்கைப் பூட்டுவதற்கு முன் நிமிர்த்தி வைத்துச் சில தடவை இழுத்து அமுக்கி, உள்ளிருக்கும் காற்றை மேலேற்றுங்கள். ரப்பர் புஷ் உள்ள நட்டுகளை, வாகனம் நிலத்தில் நின்று பாரம் விழுந்த பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்குண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். கழற்றிய வாயு ஷொக்கை வெல்டிங் செய்யவோ, சூடாக்கவோ, வெட்டவோ கூடாது. வெடிக்கும்.

கணக்குப் பார்ப்போம்

விலையை மட்டும் பார்க்காமல் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக, மலிவான சோடி 20,000 கிலோமீற்றரும் தரமான சோடி 60,000 கிலோமீற்றரும் ஓடுமென்று வைத்துக்கொள்வோம். தரமானது மும்மடங்கு விலையானாலும் நட்டமில்லை. மலிவானதற்கு மூன்று தடவை கூலி கொடுப்பதையும், மூன்று நாள் வாகனம் கராஜில் நிற்பதையும், இடையில் தேயும் டயரையும் சேர்த்தால் கணக்கு தெளிவாகிவிடும்.

வாங்கும்போது பாக இலக்கத்தைச் சரிபார்த்து, பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். பழையதைக் கழுவி வர்ணம் பூசிப் புதியதென்று விற்பவர்களும் உண்டு. தண்டில் கீறலோ துருவோ, சீலைச் சுற்றி எண்ணெய்க் கசிவோ இருந்தால் வாங்காதீர்கள். அதேபோல், உதிரிப்பாக வியாபாரம் செய்யும் சகோதரர்களும் பழையதைப் பழையதென்றே சொல்லி விற்க வேண்டும். ஏமாந்த வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். அந்த ஷொக்கை நம்பிப் பாரம் ஏற்றுகின்றவரின் பிழைப்பும் உயிரும் அதில்தான் தங்கியிருக்கின்றன.