12 முறை நம்பர் ஒன்... ‘தி சுப்ரீம்ஸ்’ பாடல்களில் இந்த ஏழைத் தவறவிடாதீர்கள்!

அமெரிக்காவின் டெட்ராய்ட், கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன நகரம். அங்கே ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்காக அரசு கட்டிக்கொடுத்த ப்ரூஸ்டர் குடியிருப்பின் பள்ளி மாணவிகள்தான் ஃப்ளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ். 1959-ல் ‘ப்ரைமெட்ஸ்’ என்ற பெயரில் பாட ஆரம்பித்தார்கள். 1961-ல் ‘மோடவுன்’ இசை நிறுவனத்தில் சேர்ந்தபோது, வேறு பெயர் வேண்டும் என்றார்கள். ‘சுப்ரீம்ஸ்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃப்ளாரன்ஸ். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோடவுனை ஆரம்பித்த பெர்ரி கார்டி, கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டையும் அதே பாணியில் தயாரித்தார். எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, நடன அசைவு சொல்லித்தர ஒருவர், மேடையில் எப்படி நிற்பது, நடப்பது என்று கற்றுத்தர இன்னொருவர்! ஆனால், நம் பெண்களுக்கு முதல் மூன்று வருடங்கள் எந்தப் பாட்டும் பெரிதாக ஓடவில்லை. ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று அலுவலகத்திலேயே கிண்டல். மற்றவர்களின் பாட்டுக்குக் கைதட்டும் வேலையையும் செய்தார்கள். 1964-ல் எல்லாம் மாறியது. அடுத்த ஐந்தரை வருடங்களில், பில்போர்டு பட்டியலில் 12 நம்பர் ஒன் பாடல்கள். அவற்றிலிருந்தும் அதற்கு வெளியிலிருந்தும் ஏழு மட்டும் இங்கே...

1. ‘வேர் டிட் அவர் லவ் கோ’ (1964)

‘நம் காதல் எங்கே போனது?’ என்று கேட்கும் பாடல். எழுதியது ஹாலந்து சகோதரர்களும் லமாண்ட் டோஸியரும் சேர்ந்த மூவர் கூட்டணி. மோடவுனின் இன்னொரு பெண்கள் குழுவான ‘மார்வலெட்ஸ்’ வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு இது. சுப்ரீம்ஸுக்கும் முதலில் பிடிக்கவில்லை. டயானா வழக்கமாகப் பாடும் உச்சக் குரலை விட்டு, சுருதியைக் கீழே இறக்கிப் பாடினார். அந்தக் கொஞ்சலான குரல்தான் குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ‘தட்... தட்...’ என்று கேட்பது டிரம்ஸ் இல்லை. மரப்பலகையைக் காலால் மிதிக்கும் சத்தம்! இதில் தொடங்கி வரிசையாக ஐந்து பாடல்கள் முதலிடம். இரண்டாவதான ‘பேபி லவ்’, பீட்டில்ஸின் சொந்த நாடான பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

2. ‘ஸ்டாப்! இன் த நேம் ஆஃப் லவ்’ (1965)

போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை நீட்டி ‘நில்’ என்று சொல்லும் அந்த அசைவை, பாட்டே கேட்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். லண்டனில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகப் போன இடத்தில், அவசர அவசரமாக உருவான அசைவு அது. கூடவே வந்திருந்த ‘டெம்ப்டேஷன்ஸ்’ குழுவின் பாடகர்கள் உதவினார்கள்.

3. ‘யு கான்ட் ஹரி லவ்’ (1966)

‘காதலை அவசரப்படுத்த முடியாது, பொறுமையாக இரு’ என்று அம்மா சொன்ன புத்திமதியை மகள் நினைத்துக்கொள்ளும் பாட்டு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க ஏற்றது. தொடக்கத்தில் வரும் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். மோடவுன் ஹிட்களைத் தாங்கிப் பிடித்த அவரைப் போன்ற கலைஞர்களின் பெயர்கள், அப்போது பெரும்பாலான இசைத்தட்டு உறைகளில் அச்சாகவே இல்லை. இதே பாட்டை 1982-ல் ஃபில் காலின்ஸ் மறுபடி பாட, அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

4. ‘யு கீப் மீ ஹேங்கிங் ஆன்’ (1966)

வேண்டாம் என்று போனவன் முழுதாகவும் விட்டுப்போகாமல் இழுத்தடிக்கிறான். ‘விட்டுவிடு’ என்று கோபமாகக் கேட்கிறாள் இவள். ரேடியோவில் அவசரச் செய்திக்கு முன்னால் வரும் தந்தி ஒலி மாதிரி கிட்டார் துடிக்கிறது. 21 வருடங்கள் கழித்து, கிம் வைல்டு பாடிய வடிவமும் அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆனது.

5. ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ (1967)

விண்வெளிப் படம் மாதிரி மின்னணு ஒலியுடன் ஆரம்பிக்கும் இந்தப் பாட்டு இரண்டாம் இடம் வரைதான் போனது. ஆனாலும் பட்டியலில் இருக்கக் காரணம் உண்டு. இசைத்தட்டு வெளியானபோது குழுவின் பெயர் ‘டயானா ராஸ் அண்டு தி சுப்ரீம்ஸ்’ என்று மாறியிருந்தது. பாட்டில் ஃப்ளாரன்ஸின் குரல் இருக்கிறது; ஆனால் குழுவில் ஃப்ளாரன்ஸ் இல்லை. அவர் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் வந்துவிட்டார். ‘சுப்ரீம்ஸ்’ என்று பெயர் வைத்தவரே வெளியே! தனியாகப் பாடிய பாடல்கள் எடுபடவில்லை. வறுமை துரத்தியது. 1976 பிப்ரவரியில் ஃப்ளாரன்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 32.

6. ‘லவ் சைல்டு’ (1968)

மூவர் கூட்டணி மோடவுனை விட்டுப் போன பிறகு, வேறு எழுத்தாளர்கள் எழுதியது. திருமணத்துக்கு வெளியே பிறந்து, வறுமையில் வளர்ந்த ஒரு பெண், ‘என் பிள்ளைக்கும் இந்த நிலை வேண்டாம்’ என்று காதலனிடம் சொல்கிறாள். அன்றைய பாப் பாடல்கள் தொடத் தயங்கிய விஷயம். பளபளக்கும் கவுன்களைத் தள்ளிவைத்துவிட்டு, சாதாரண உடையில் டிவியில் தோன்றிப் பாடினார் டயானா. இதில் கோரஸ் பாடியது மேரியும் சிண்டியும் அல்ல. ‘அண்டான்டஸ்’ என்ற ஸ்டூடியோ பாடகிகள்.

7. ‘சம்டே வில் பி டுகெதர்’ (1969)

‘ஒருநாள் மீண்டும் ஒன்றுசேர்வோம்’ என்ற இந்தப் பாட்டுதான் 12-வது நம்பர் ஒன். பாட்டில் சேர்வோம் என்கிறார்கள். பதிவிலோ டயானாவைத் தவிர சுப்ரீம்ஸ் யாருமே இல்லை! இடையிடையே கேட்கும் ஆண் குரல், பாட்டைத் தயாரித்த ஜானி பிரிஸ்டலுடையது. 1970 ஜனவரியில், லாஸ் வேகாஸ் மேடையில் கடைசியாக ஒருமுறை சேர்ந்து பாடிவிட்டு, டயானா தனி வழியில் போனார். புதிய பாடகிகளுடன் 1977 வரை குழுவைக் காப்பாற்றியவர் மேரி. அவர் 2021-ல் மறைந்தார்.

கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1964-ல். அதே வருடம் டிசம்பரில், நாடே பார்த்த எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் இந்த மூவரும் நிமிர்ந்து நின்று பாடினார்கள். டிவி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கறுப்பினச் சிறுமிகளுக்கு அது எத்தனை பெரிய காட்சியாக இருந்திருக்கும்!

இன்றைக்கு ஏழையும் வரிசையாகக் கேளுங்கள். அப்புறம் முதல் ஐந்தை மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள். இந்த முறை டயானாவை விட்டுவிடுங்கள். அவர் குரலுக்குப் பின்னால், ‘ஊ...’ என்றும் ‘பேபி பேபி’ என்றும் சேர்ந்து ஒலிக்கும் இரண்டு பெண் குரல்களுக்கு மட்டும் காது கொடுங்கள். அவைதான் மேரியும் ஃப்ளாரன்ஸும்!