ஆகஸ்ட் வரைக்கும் இருக்கே, அக்கா!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடுப்பில் டீ கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் கீழ்வீட்டுத் தம்பி மாடியேறி வந்தார். கையில் மகளின் பாஸ்போர்ட். மே 12-ஆம் தேதி குடும்பத்தோடு சிங்கப்பூர். டிக்கெட் போட்டாயிற்று, ஓட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று. விசாவுக்குக் கொடுத்த ஏஜென்ட்தான் குழந்தையின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாராம்.

"ஆகஸ்ட் 9 வரைக்கும் இருக்கே, அக்கா! நாங்க மே மாசமே திரும்பிடுவோம்."

இந்த வாக்கியத்தை நான் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். உட்காரச் சொல்லி டம்ளரைக் கையில் கொடுத்தேன். சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதலாகவே போட்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கும் முடிவு தேதி நம் அரசு சொல்வது. அதை எந்தத் தேதிவரை ஏற்பது என்பதைப் போகிற நாடு சொல்லும். சிங்கப்பூர் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. மலேசியாவும் துபாயும் இலங்கையும் அப்படித்தான். ஆகவே ஆகஸ்டில் முடிகிற பாஸ்போர்ட் இவர்கள் கணக்கில் பிப்ரவரியிலேயே காலாவதி. பெரியவர்களுக்குப் 10 வருஷம் என்பதால் இது அவ்வளவாக உறைப்பதில்லை. குழந்தைக்குக் கொடுப்பதே 5 வருஷம். அதிலும் கடைசி ஆறு மாதம் பீரோவில் வைத்திருக்கத்தான் உதவும். (15 வயது தாண்டிய பிள்ளைக்கு, கட்டணம் கூடுதலாகக் கட்டிப் பத்து வருஷப் புத்தகமே வாங்கிக்கொள்ளலாம். இவர் மகள் இப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.)

"அப்போ தட்கல் போட்டுடலாம், இல்ல?" என்றார். கையில் போன்.

"முதல்ல டீயைக் குடிங்க தம்பி."

பாஸ்போர்ட்டை நாம் 'ரினியூ' பண்ணுவதாகச் சொல்கிறோம். அலுவலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. அங்கே அதன் பெயர் 'ரீ-இஷ்யூ'. பழையதில் தேதியை நீட்டித் தருவதில்லை, புது எண்ணோடு புதுப் புத்தகம்தான் வரும். விண்ணப்பத்தில் 'ஃப்ரெஷ்' என்று ஒரு கட்டம், 'ரீ-இஷ்யூ' என்று ஒரு கட்டம். புதுப் புத்தகம்தானே என்று முதல் கட்டத்தைத் தொடுகிறவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தைக்கு இரண்டாவதுதான். அடுத்து 'நான்-ஈசிஆர்' கேள்வி வரும், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படாதவரா என்று. 18 வயதுக்குக் கீழே எல்லாரும் அந்த வகைதான், ஆமாம் என்று போட்டுவிட்டு நகரலாம். தளத்தின் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அசலைப் போலவே உடுத்தி உட்கார்ந்திருக்கும் போலித் தளங்கள் உண்டு.

இனி தட்கல். குழந்தைக்குச் சாதாரணக் கட்டணம் 1000 ரூபாய். தட்கல் என்றால் அதற்குமேல் 2000. இந்த இரண்டாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ரயில் தட்கலைப் போல, பணம் கட்டினால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இங்கே கிடைப்பவை இரண்டு. பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் தனி ஒதுக்கீட்டில் ஒரு சந்திப்பு நேரம். அப்புறம், போலீஸ் விசாரணை தேவைப்படும் ஆளாக இருந்தால், அதற்குக் காத்திராமல் முதலில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிப்பது.

ஆனால் அப்பா அம்மாவிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால், குழந்தைக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணையே போடுவதில்லை. முடிவு அதிகாரியின் கையில்தான், இருந்தாலும் வழக்கம் அது. விசாரணை இல்லாத சாதாரண விண்ணப்பத்துக்குத் துறையே சொல்லும் கெடு 7 வேலை நாள். தட்கலில் ஒரு வேலை நாளுக்குள் அனுப்பிவிடுவார்கள். மிச்சமாவது ஆறு நாள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, சாதாரண வகையில் எந்தத் தேதிக்கு நேரம் கிடைக்கிறது என்பதை. அடுத்த வாரமே கிடைத்தால் 2000 ரூபாய்க்குச் சிங்கப்பூரில் குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் சென்னையின் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் கேந்திராக்கள் மூன்றும் நிரம்பிக் கிடந்தால் தட்கலுக்குப் போவதில் தப்பில்லை. அதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது. 2018-லிருந்து எந்த ஊர் அலுவலகத்தை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். சென்னையில் இல்லையென்றால் திருச்சியைப் பார்க்கலாம், மதுரையைப் பார்க்கலாம். பல ஊர்த் தபால் நிலையங்களிலும் சேவா கேந்திரா வந்துவிட்டது. போகவர ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

தம்பி முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. நான் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது.

"உங்க பாஸ்போர்ட்ல சம்சாரம் பேரு இருக்கா?"

இல்லை. கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. முகவரியும் பழைய மேன்ஷன் முகவரி.

தாமதம் தொடங்குகிற இடம் இது. குழந்தையின் விண்ணப்பம் குழந்தையின் காகிதங்களை மட்டும் நம்பி நிற்பதில்லை. அம்மா அப்பாவின் பாஸ்போர்ட் நகலையும் அசலையும் கேட்பார்கள். இருவரில் ஒருவர் புத்தகத்திலாவது கணவன் அல்லது மனைவி பெயர் ஏறியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோப்பு போலீஸ் விசாரணைக்குப் போக வாய்ப்பு உண்டு. நம் ஊரில் பெண்களின் பாஸ்போர்ட் பலதும் பிறந்த வீட்டு முகவரியில், அப்பா பெயரோடு, கல்யாணத்துக்கு முன் எடுத்ததாகத்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் நீட்டிவிட்டு, "மூவாயிரம் கட்டினேனே, ஏன் லேட்?" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்?

முகவரியும் அப்படித்தான். விண்ணப்பத்தில் எழுதுவது இப்போது குடியிருக்கும் வீடு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு வீடு. அப்போது அந்தப் பாஸ்போர்ட் முகவரிச் சான்றாக உதவாது. இன்றைய முகவரி உள்ள ஆதார், பேங்க் பாஸ்புக், கேஸ் இணைப்புக் காகிதம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் என்று ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அனெக்சர் டி என்று ஒரு தாள் உண்டு. இந்தக் குழந்தை எங்களுடையது, பாஸ்போர்ட் கொடுக்கச் சம்மதம் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்திடும் உறுதிமொழி. முன்பு இதற்கெல்லாம் முத்திரைத்தாள், நோட்டரி என்று அலைந்தோம். 2016 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். வெள்ளைத்தாளில் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இருவரும் கையெழுத்திட்டிருந்தால், நேரில் குழந்தையோடு ஒருவர் போனாலே நடக்கும். குழந்தை போயே ஆக வேண்டும். அப்பா துபாயில் இருந்தால்? அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய உறுதிமொழியை அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். கணவன் மனைவி பிரிந்திருந்து ஒருவர் சம்மதம் கிடைக்காத நிலை என்றால் அனெக்சர் சி என்று வேறொரு தாள். அந்த நிலையில் இருப்பவர்கள் அவசரப்படாமல் அதிகாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். நமக்கு இனிஷியல் இல்லாமல் பெயரே இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியல் கூடாது. விரித்து எழுத வேண்டும். பள்ளி அடையாள அட்டையில் இனிஷியலோடு ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர் என்று ஒரே குழந்தை மூன்று பேராக நிற்கும். ரீ-இஷ்யூவில் நல்ல வழி, பழைய பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவது. தம்பி இந்த இடத்தில் தொண்டையைச் செருமினார். போன வருஷம் நியூமராலஜி பார்த்து மகள் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' சேர்த்திருக்கிறார்களாம். புதுப் புத்தகத்தில் அதையும் சேர்த்துவிடலாமா என்றார்.

சேர்க்கலாம். சிங்கப்பூர் போய்விட்டு வந்து, அடுத்த முறை. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பெயரைத் திருத்தப் போனால், அந்த ஒற்றை எழுத்துக்காகக் கூடுதல் காகிதம் கேட்பார்கள். எண்கணிதம் பார்த்தவர் தட்கல் சந்திப்பு வாங்கித் தரமாட்டார்.

சேவா கேந்திராவுக்குள் போனால் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ-யில் காகிதங்களை ஸ்கேன் செய்து போட்டோ எடுப்பவர்கள் டாடா கன்சல்டன்சி ஊழியர்கள். 4 வயதுக்குக் கீழே என்றால் மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். பி-யில் சரிபார்ப்பதும் சி-யில் ஒப்புதல் கொடுப்பதும் அரசு அதிகாரிகள். ஏ-யில் சிரித்துப் பேசி எல்லாம் வாங்கிக்கொண்டார்களே என்று நிம்மதியடைய வேண்டாம், கேள்வி கேட்கிற இடம் பி. அங்கே ஒரு காகிதம் ஒத்துவராவிட்டால் கோப்பு 'ஆன் ஹோல்டு'. தட்கலோ சாதாரணமோ, அந்தக் காகிதம் வரும்வரை கோப்பு நகராது. பழைய பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டிக் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். அதைத் தூக்கிப் போடக் கூடாது. அதில் வேறு நாட்டு விசா மிச்சமிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

பிறகு ஸ்பீட் போஸ்ட். ஒருமுறை எங்கள் வீட்டில், சந்திப்பு முடிந்த மகிழ்ச்சியில் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டோம். போஸ்ட்மேன் வந்து பார்த்திருக்கிறார், பக்கத்து வீட்டில் கொடுக்க முடியாது, புத்தகம் வந்த வழியே திரும்பிவிட்டது. அதை மீட்க நான் நடந்த நடை தனிக் கதை. அந்த வாரம் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

வந்ததும் முதலில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டும். பிறகு விசா. சிங்கப்பூர் விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. அதனால்தான் ஏஜென்ட் குழந்தையுடையதை நிறுத்தி வைத்தார், நல்ல ஏஜென்ட். விமான டிக்கெட்டில் பழைய எண் கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

"எல்லாம் செஞ்சும் வரலன்னா?"

அப்படியும் ஒரு கதவு இருக்கிறது. நேபாளம் போகப் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட இந்தியக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். பெரியவர்களுக்கு வாக்காளர் அட்டை. அந்தமானுக்கு அதுகூட யோசிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஓட்டல் பணம் திரும்பி வருமா என்பது மட்டும் நான் பதில் சொல்லக்கூடிய கேள்வியில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி மனைவிக்குப் போன் போட்டார். அவர் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறதாம். பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருந்தபோது புதுப்பித்தது. ஸ்பீக்கரில் குரல் கேட்டது: "ஆனா அது இங்க இல்லீங்க. அம்பாசமுத்திரத்துல, அம்மா பீரோல."

நகல் மட்டும் வாட்ஸாப்பில் வாங்கினால் போதாதா என்று என்னைப் பார்த்தார். அசலைக் கேட்பார்கள் என்றேன். நாளைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது சென்னைக்கு வருகிறார்களா என்று மாமியாரிடம் கேட்கத் தொடங்கினார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.