பொம்மை பேசுவது எப்படி?

மேடையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் காக்கிச் சட்டை அணிந்த ஒரு பொம்மை. "திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் ஏறு!" என்று அது கூவுகிறது. "கண்டக்டரே, விசில் ஊதவில்லையா?" என்று அவர் கேட்கிறார். "நீதான் வாயையே திறக்க மாட்டேங்கிறியே, நான் எப்படி ஊதுறது?" என்கிறது பொம்மை. அவையே சிரிக்கிறது.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். பேசுபவர் அவர்தான் என்று நமக்குத் தெரியும். ஆயினும் குரல் பொம்மையிடமிருந்து வருவதாகவே தோன்றுகிறது. இக்கலைக்கு வென்ட்ரிலோகிசம் என்று பெயர். 'வயிறு', 'பேசுதல்' என்று பொருள்படும் இரு லத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர் இது. ஆனால் வயிறு பேசுவதில்லை. குரலைத் தூக்கி வேறிடத்தில் எறியவும் எவராலும் முடியாது. அப்படியானால் நடப்பது என்ன?

உதடு கேட்கும் எழுத்துகள்

கண்ணாடி முன் நில்லுங்கள். உதடுகளைச் சற்றே திறந்து, அசையாமல் வைத்துக்கொண்டு 'திண்டி' என்று சொல்லுங்கள். எளிதாக வரும். அடுத்து 'வனம்' என்று சொல்லுங்கள். இங்கே உதடு குறுக்கிடும். ப், ம் ஆகியவை இதழ்கள் பொருந்துவதாலும், வ் மேற்பல்லும் இதழும் கூடுவதாலும் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறியுள்ளது. உகரத்துக்கோ இதழ் குவிய வேண்டும். இவை அனைத்தும் 'விழுப்புரம்' என்ற ஒரே பெயரில் உள்ளன! எனவே பொம்மைக் கண்டக்டருக்குத் திண்டிவனத்தைவிட விழுப்புரமே கடினம்.

கலைஞர் இதற்கு மாற்று வழி காண்கிறார். 'ப'வுக்குப் பதில் நாக்கு நுனியை மேற்பல்லின் பின்னால் மெல்ல ஒற்றி 'த' போன்ற ஒலியை எழுப்புகிறார். 'ம்' வரும் இடத்தில் 'ந்'. 'வ' வரும் இடத்தில் 'அது' என்னும் சொல்லில் கேட்கும் மெல்லிய 'த'. உகரத்துக்கு, 'பாட்டு' என்பதன் ஈற்றில் உதடு குவியாமல் ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம் உதவுகிறது. ஆக, அவர் வாயிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ 'திழுத்துரந்'. நாம் கேட்பதோ விழுப்புரம்!

காரணம், மூளை எழுத்தெழுத்தாகக் கேட்பதில்லை, எதிர்பார்த்துக் கேட்கிறது. 1970-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ரிச்சர்ட் வாரன், ஒலிப்பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஒலியை நீக்கி, அங்கே ஓர் இருமலைச் சேர்த்தார். கேட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் எதுவும் விடுபடவில்லை என்றே கூறினர். விடுபட்ட ஒலியை மூளையே நிரப்பிவிட்டது.

கண் சொல்வதே தீர்ப்பா?

ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை இரு காதுகளும் சேர்ந்தே கணிக்கின்றன. வலப்புறம் எழும் ஒலி இடக்காதை அடைய, ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாகும். இந்த நுண்ணிய வேறுபாட்டையும், இரு காதிலும் கேட்கும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் கொண்டு, நேர் எதிரே சுமார் 1 டிகிரி வரை நம்மால் திசையைப் பிரித்தறிய முடியும்.

கலைஞரின் வாய்க்கும் பொம்மையின் வாய்க்கும் இடைவெளி 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 20 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு அது வெறும் 1 டிகிரி கோணம். காது தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் முன்வரிசையில் இருப்பவரும் ஏமாறுகிறாரே! அங்கே காதை வெல்வது கண். அசையும் வாயைக் கண்டதும், குரலின் இருப்பிடம் அதுவே என்று மூளை முடிவு கட்டுகிறது.

கே. பாலசந்தரின் 'அவர்கள்' (1977) படத்தில் கமல்ஹாசனும் ஜூனியர் என்ற பொம்மையும் பேசிக்கொள்வதை நினைவுகூருங்கள். திரையரங்கில் இருவர் குரலும் ஒலிபெருக்கியிலிருந்தே வந்தன. கமல் பேசுகையில் கமலிடமிருந்தும், ஜூனியர் பேசுகையில் ஜூனியரிடமிருந்தும் அவை வருவதாகவே ரசிகர்கள் கேட்டனர்.

எப்போதும் கண்ணே வெல்லுமா? இல்லை. 2004-இல் டேவிட் அலைஸ், டேவிட் பர் என்னும் ஆய்வாளர்கள் ஒளிப்புள்ளியை மிகவும் மங்கலாக்கிக் காட்டியபோது, முடிவு தலைகீழாயிற்று. ஒலி வந்த இடத்திலேயே ஒளியும் இருப்பதாகப் பார்த்தவர்கள் கருதினர். எது தெளிவானதோ அதற்கே மூளை அதிக மதிப்புத் தருகிறது.

வகுப்பறையிலும் இதே விதி

இது வெறும் வேடிக்கையன்று. செவித்திறன் குறைந்த மாணவருக்குக் காது தரும் செய்தி மங்கல். ஆசிரியரின் உதட்டசைவைப் பார்த்தே அவர் குறையை நிரப்பிக்கொள்கிறார். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பேசினால் அந்தத் துணையும் போய்விடும். முகத்தைப் பார்த்தாலும் 'பாலை', 'மாலை' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே அவரிடம் பேசும்போது முகம் காட்டி, நிதானமாக, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பொம்மைக்காரருக்கு உதவும் எதிர்பார்ப்பு, இங்கே உண்மையான கேட்டலுக்கு உதவும்.

செய்து பாருங்கள்: நண்பர்கள் இருவரை அருகருகே அமரச் செய்யுங்கள். ஒருவர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு பேசட்டும். மற்றவர் அதற்கேற்ப வாயை மட்டும் அசைக்கட்டும். முதலில் கண்ணைத் திறந்தும், பிறகு மூடியும் கேளுங்கள். குரல் இடம் மாறுகிறதா?