யாரும் பார்க்காத மின்மினி

கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறியதும் கைப்பேசியை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றில் துடுப்புச் சத்தம் நின்றால் இருட்டு மட்டும்தான். பிறகு கரையோரத்துப் பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் ஒரே நேரத்தில் எரிந்து அணையும். நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. மேளக்காரன் இல்லாத தாளம். மற்றப் பூச்சிகளைப் பார்த்து ஒவ்வொரு பூச்சியும் தன் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாலே கூட்டம் முழுவதும் ஒத்துப்போய்விடும் என்று 1990ல் கணித அறிஞர்கள் மிரொல்லோவும் ஸ்ட்ரோகாட்ஸும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

படகில் யாரோ கேட்டார்: நாம் வராத ராத்திரியிலும் இது மின்னுமா?

விளையாட்டான கேள்வி இல்லை. அறிபவர் இன்றிப் பொருள் இல்லை என்று 1710லேயே எழுதிவைத்தார் தத்துவவாதி பெர்க்லி. பார்ப்பவர் பக்கம் திரும்பினால், மூளையின் வேலையை முழுக்க விளக்கினாலும் அதோடு அனுபவம் என்ற ஒன்று ஏன் வருகிறது என்பது விளங்காது, ஆகவே நிறையைப் போல, மின்னூட்டத்தைப் போல அதையும் அடிப்படையாகவே வைத்துப் பார்ப்போம் என்றார் இன்னொரு தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ், 1995ல்.

புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"நான் பாக்காட்டி மரம் இல்லாமப் போயிடுமா? விடிகாலையில நெரைக்குள்ள வேரு தடுக்கி வுழுந்திருக்கேன்டா. பாத்துட்டா வுழுந்தேன்?"

தோட்டத்துக் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் மெய்கண்டாரைப் படிக்க நாற்பது வயதாயிற்று. பன்னிரண்டே நூற்பா கொண்ட அவருடைய சிவஞானபோதம் பெரியம்மாவின் கட்சிதான். அத்வைதிக்கு உலகம் தோற்றம்; சைவ சித்தாந்திக்கு மாயை பொய்யல்ல, உலகத்துக்கு மூலப்பொருள். பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் என்றும் உள்ளவை. உயிர் கண்ணைப் போன்றது, ஒளியின்றிக் காணாது. ஒளி இருந்தாலும் கண்ணுக்குப் பதிலாக அது பார்த்துவிடாது. ஒன்றுக்குள் மற்றொன்றைக் கரைக்காத இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பெரியம்மாவின் முழங்கால் வலி? அன்று விழுந்ததில் வந்தது. வேரை எவரும் தொட்டுப் பார்க்கலாம், வலி அவருக்கு மட்டும்தான். சால்மர்ஸ் அங்கேதான் நிற்கிறார், என்னால் அவரைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

படகில் கேட்டவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. ஆண் பூச்சிகள் மின்னுவது நமக்காக இல்லை. அதே இலைகளுக்குள் பெண் பூச்சிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, சம்பான் துறைக்குத் திரும்பிய பிறகும்.