வயதானவர்கள் திடீரென்று விழுவது ஏன்?

வீட்டில் வயதான தந்தையோ, தாயோ கீழே விழுந்து விட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "வயதாகி விட்டது, கால் தடுமாறி விட்டது" என்கிறோம். காயத்துக்கு மருந்து போடுகிறோம். அத்துடன் மறந்து விடுகிறோம்.

தரையும் வழுக்கவில்லை, காலும் இடறவில்லை என்றால், விழுந்ததற்கு உடலுக்குள் ஒரு காரணம் இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் அவர் மறுபடியும் விழலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. இவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

எழுந்ததும் மயக்கமா?

இரவில் சிறுநீர் கழிக்க எழுந்ததும் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். நாம் எழும்போது ரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதைச் சமாளிக்க வேண்டும். முதுமையில் இதற்குத் தாமதம் ஆகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, ஆளைத் தள்ளி விடுகிறது.

படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தால் இது தெரிந்து விடும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் தெரியாமல் போகலாம்.

ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை ஆகியவற்றாலும் இப்படி நேரும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். அதற்காக, டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

புரண்டால் சுற்றுகிறதா?

படுக்கையில் புரண்டாலோ, அண்ணாந்து பார்த்தாலோ வீடே சுற்றுகிறது என்றால் காதைப் பார்க்க வேண்டும். உள்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறினால் இப்படி ஆகும். தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தே, டாக்டர்கள் பெரும்பாலோருக்கு இதைச் சரி செய்து விடுகிறார்கள். இந்த முறையை அமெரிக்க டாக்டர் ஜான் எப்ளி 1992-ம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

இருட்டில் தள்ளாட்டமா?

முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடினால், பாதத்தில் உணர்ச்சி குறைந்து இருக்கலாம். நெடுநாள் சர்க்கரை வியாதியாலும், வைட்டமின் பி-12 குறைவாலும் இது வரும். சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களும், மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களும் பி-12 அளவைப் பார்ப்பது நல்லது.

அறிகுறியே இல்லையா?

எந்த அறிகுறியும் இல்லாமல், நின்றவர் நின்றபடியே சாய்ந்தால் இதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம். சாதாரண இ.சி.ஜி.யில் இது தெரியாமல் போகலாம். 24 மணி நேரம் உடலில் கருவியைப் பொருத்திப் பார்க்க வேண்டி வரும். துடிப்பு அடிக்கடி நின்று போகிறவர்களுக்கு 'பேஸ்மேக்கர்' தேவைப்படலாம்.

சாப்பாடு தாமதமாகி, வியர்த்து நடுங்கி விழுந்தால், சர்க்கரை மாத்திரையாலோ இன்சுலினாலோ ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி இருக்கலாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மும்பையில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் இருந்து வந்து பிள்ளைகளுடன் தங்கும் பெற்றோர் பலருக்கு இந்தியோ, மராத்தியோ தெரியாது. கண் இருட்டல், கிறுகிறுப்பு, தள்ளாட்டம் என்று அவர்கள் தனித்தனியாகச் சொல்வதை, நாம் 'சக்கர்' என்று ஒரே வார்த்தையில் டாக்டரிடம் சொல்லி விடுகிறோம். மேலே கண்டபடி, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

ஆகவே, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது விழுந்தார், நினைவு தப்பியதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மற்றவர்களுக்கும் சில வாரம் கழித்து விடாத தலைவலி, குழப்பம், ஒரு பக்கம் பலவீனம் வந்தால் தாமதிக்கக் கூடாது. மூளையின் மேல் ரத்தம் கசிந்து இருக்கக்கூடும்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்ததும், "எங்கே அடிபட்டது?" என்று கேட்கிறோம். "விழுவதற்கு முன்னால் உங்களுக்கு என்ன செய்தது?" என்றும் கேளுங்கள்.