பெரிய பேட்டரி போட்டா அதிக நேரம் பறக்குமா? முதல் கேமரா டிரோன் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு!

மேகத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும் மலை, பாறையை உரசுகிற மாதிரி கீழே இறங்கும் கேமரா, நடுவில் பறவை மாதிரி ஒரு திருப்பம்... இப்படி ஒரு ரீல்ஸைப் பார்த்துட்டு, ‘நாமளே ஒரு டிரோன் செஞ்சா என்ன?’ என்று யோசித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதல் டிரோன் செய்யும் எல்லோருக்கும் ரெண்டு ஆசை இருக்கும். ரொம்ப நேரம் பறக்கணும், ரொம்ப தூரம் போகணும். அதற்குப் பலரும் செய்வது, கடையில் இருப்பதிலேயே பெரிய பேட்டரியையும், அதிக பவர் உள்ள டிரான்ஸ்மிட்டரையும் வாங்கிப் பொருத்துவது. காசு போகும், ஆனால் கேட்டது கிடைக்காது. ஏன் என்று பார்க்கலாம், வாங்க.

ஏன் செய்யணும், வாங்கிடலாமே?

வாங்கலாம். ஆனால், 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் விலக்கு. முழு டிரோன் மட்டுமல்ல, பிரித்துப் பெட்டியில் போட்டு ‘கிட்’ ஆக அனுப்பினாலும் அதே தடைதான். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால்தான் மோட்டார் ஒரு கடையில், ஃப்ரேம் ஒரு கடையில் என்று வாங்கிச் சேர்க்கும் கூட்டம் இங்கே பெருகியிருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. நீங்களே சால்டரிங் வைத்துச் செய்த டிரோன் கீழே விழுந்தால், உங்களாலேயே சரிசெய்ய முடியும். விழும், அதில் சந்தேகமே வேண்டாம்.

எடைதான் எல்லாமே

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட நேரம் பறக்க விரும்புபவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் 7 இன்ச் ப்ரொப்பெல்லர் டிரோன். ஃப்ரேம், 4 மோட்டார், எலெக்ட்ரானிக்ஸ், கேமரா எல்லாம் சேர்த்து சுமார் 500 கிராம். பேட்டரி 450 கிராம். மொத்தம் 950 கிராம்.

இந்த டிரோன் அரை மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதே பேட்டரியில் இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினால் ஒரு மணி நேரம் பறக்குமா?

பறக்காது. கூடுதலாகக் கிடைப்பது 3, 4 நிமிடங்கள்தான்!

காரணம் இதுதான். டிரோன் ஒரே இடத்தில் மிதக்கக்கூட, தன் முழு எடையையும் ஒவ்வொரு நொடியும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் மின்சாரம் எடை கூடும் வேகத்தைவிட வேகமாகக் கூடும். எடை ரெண்டு மடங்கானால், மின்சாரம் ஏறக்குறைய 2.8 மடங்கு. நம் கணக்கில் 950 கிராம் 1,400 கிராம் ஆகும்போது மின்சாரத் தேவை சுமார் 1.8 மடங்காகிவிடுகிறது. பேட்டரியை ரெண்டு மடங்காக்கியும் பறக்கும் நேரம் 12 சதவிகிதம்தான் கூடுகிறது. புதுசா வந்த பேட்டரியின் பெரும்பகுதி, தன்னைத் தானே தூக்கவே செலவாகிறது.

இதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. பேட்டரியின் எடை, மற்ற எல்லா பாகங்களின் எடையைப்போல ரெண்டு மடங்கைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் பறக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

இப்போது கணக்கை மாற்றிப் போடுங்க. பேட்டரியைத் தொடாமல், மற்ற பாகங்களில் 100 கிராம் குறைத்தால்? நேரம் சுமார் 18 சதவிகிதம் கூடும். அதாவது, 450 கிராம் ஏற்றிக் கிடைப்பதைவிட 100 கிராம் இறக்கிக் கிடைப்பது அதிகம். பைசா செலவில்லாமல்!

எங்கே குறைப்பது? முதல் இடம், மேலே கட்டும் ஆக்‌ஷன் கேமரா. அது மட்டுமே 150 கிராம் வரை வரும். இப்போது 4கே வீடியோவைத் தானே பதிவு செய்யும் டிஜிட்டல் வீடியோ யூனிட்கள் 40 கிராமுக்குள்ளேயே கிடைக்கின்றன. அதன் பிறகு தேவைக்கு மேல் நீளமான ஒயர்கள், எல்.இ.டி விளக்குகள், அழகுக்கு மாட்டும் 3டி பிரின்ட் பாகங்கள், ஸ்டீல் ஸ்க்ரூக்கள். சமையலறைத் தராசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டுப் பொருத்துங்கள்.

சீலிங் ஃபேன் சொல்லும் பாடம்

‘ஏன் 7 இன்ச்? 5 இன்ச் டிரோன்தானே எல்லோரும் வச்சிருக்காங்க?’ நல்ல கேள்வி.

வீட்டில் சீலிங் ஃபேன் பெரிய இறக்கையோடு மெதுவாகச் சுற்றியே அறை முழுக்கக் காற்று தரும். சின்ன ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வெறித்தனமாகச் சுற்ற வேண்டும். டிரோனிலும் அதுதான். நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். 5 இன்ச்சிலிருந்து 7 இன்ச்சுக்கு மாறினால், ப்ரொப்பெல்லர் சுற்றும் பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதே எடையைத் தூக்க ஆகும் மின்சாரம், கணக்குப்படி கால் பங்குக்கு மேல் குறைகிறது.

பெரிய ப்ரொப்பெல்லருக்கு நிதானமான மோட்டார் வேண்டும். மோட்டாரின் மேல் ‘1300 கேவி’ என்று போட்டிருந்தால், ஒரு வோல்ட்டுக்கு 1,300 சுற்று என்று அர்த்தம். 7 இன்ச்சுக்கு 6 செல் பேட்டரியோடு 1300 கேவி அளவிலான மோட்டார் பொருத்தமாக இருக்கும். 5 இன்ச் ரேஸிங் மோட்டாரைக் கொண்டுவந்து 7 இன்ச் ப்ரொப்பெல்லரை மாட்டினால், மோட்டார் சூடாகிக் கருகும் வாய்ப்பு அதிகம்.

லிபோவா, லித்தியம் அயனா?

ரேஸிங் டிரோன்களில் இருப்பது லிபோ பேட்டரி. கேட்டவுடன் மின்சாரத்தைக் கொட்டும், ஆனால் சீக்கிரம் காலியாகும். மின்சார ஸ்கூட்டர்களில் இருக்கும் உருளை வடிவ லித்தியம் அயன் செல்கள் நேரெதிர். நிதானமாகத்தான் தரும், ஆனால் அதே எடையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சேமித்து வைக்கும்.

21700 என்ற அளவுள்ள 4,200 எம்ஏஎச் செல் ஒன்றின் எடை சுமார் 70 கிராம். ஆறு செல்களை வரிசையாக இணைத்தால் சுமார் 90 வாட்-ஹவர். அதில் 80 சதவிகிதத்தை மட்டும் பயன்படுத்தினால் 72. நம் 950 கிராம் டிரோன் நிதானமாகப் பறக்க 145 வாட் எடுத்தால், அரை மணி நேரம். மேலே சொன்ன கணக்கு இப்படித்தான் வந்தது. எதிர்காற்றும் அவசரமும் இதில் சில நிமிடங்களைச் சாப்பிட்டுவிடும்.

ஒரு நிபந்தனை. லித்தியம் அயன் பேட்டரியோடு த்ராட்டிலை முழுசாகத் தூக்கிக் குட்டிக்கரணம் அடிக்க ஆசைப்படாதீர்கள். வோல்டேஜ் சட்டென்று சரிந்துவிடும். இது ஹைவேயில் ஒரே சீராக ஓட்டும் வண்டி. அதேபோல, செல்களை வீட்டில் நேரடியாகச் சால்டரிங் வைத்து இணைக்க வேண்டாம், சூட்டில் செல் உள்ளே கெட்டுவிடும். ஸ்பாட் வெல்டிங் செய்த பேக்கையே வாங்குங்கள்.

தூரம் என்றால் போகும் தூரமா?

இல்லைங்க, திரும்பி வரும் தூரம்.

டிரோன் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, காற்று 18 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போனால் வேகம் 72. திரும்பும்போது 36. போக 5 நிமிடம் ஆன தூரத்தைத் திரும்பிக் கடக்க 10 நிமிடம்! ‘பாதி பேட்டரி இருக்கே’ என்று நினைத்துத் திரும்புபவர்களின் டிரோன்தான் அடுத்தவர் வயலில் இறங்குகிறது. அதனால் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்க. திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

அடுத்தது ரேடியோ. சிக்னல் ரெண்டு மடங்கு தூரம் போக, நான்கு மடங்கு பவர் வேண்டும். அதனால் பவரைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவைச் சரியாக வைப்பது மேல். குச்சி ஆன்டெனாவின் நுனி நீட்டும் திசையில் சிக்னல் ஏறக்குறைய பூஜ்ஜியம். ரிமோட்டின் ஆன்டெனா நுனியை டிரோனை நோக்கி நீட்டுவதுதான் புதியவர்கள் பலர் செய்யும் தவறு. பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். கார்பன் ஃபைபர் ஃப்ரேம் சிக்னலை மறைக்கும் என்பதால், ரிசீவர் ஆன்டெனாவை ஃப்ரேமை விட்டு வெளியே நீட்டிக் கட்டுங்கள்.

கன்ட்ரோலுக்கு எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் முறை இப்போது பிரபலம். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையையே வாங்குங்கள். ‘இன்னும் தூரம் போகும்’ என்று 915 மெகாஹெர்ட்ஸ் வகையையும் விற்பார்கள். இந்தியாவில் அந்த அலைவரிசை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது அல்ல. அதில் ஒரு பகுதி மொபைல் சேவைக்குச் சொந்தமானது.

கடைசியாக, ஜிபிஎஸ். 10 கிராம் எடையுள்ள இந்தச் சின்னப் பாகத்தில் மட்டும் எடையை மிச்சம் பிடிக்காதீர்கள். சிக்னல் அறுந்துபோனால், டிரோனைக் கிளம்பிய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது இதுதான். பீட்டாஃப்ளைட் மென்பொருளில் இதற்குப் பெயர் ‘ஜிபிஎஸ் ரெஸ்க்யூ’. கிளம்பும் முன் குறைந்தது 8 செயற்கைக்கோள்கள் கிடைத்தனவா என்று பார்த்துவிட்டே மோட்டாரை ஆன் செய்யுங்கள். அவசரப்பட்டால், திரும்ப வேண்டிய ‘வீடு’ எது என்றே அதற்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்லுது?

‘டிரோன் விதிகள் 2021’ படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை ‘மைக்ரோ’ வகை. நம் 950 கிராம் டிரோன் இதில் வரும். வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினால் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், டிரோனைப் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும். கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால், அது வணிகம்.

எங்கே பறக்கலாம் என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடம் சொல்லும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் 200 அடி வரைதான். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். மண்டலங்கள் மாறக்கூடும், அதனால் பறக்கும் நாளன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொழுதுபோக்குக்குப் பறப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான் எல்லை. அரை கிலோமீட்டர் போனாலே இந்த டிரோன் ஒரு புள்ளிதான். ‘அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரக் கணக்கு?’ என்று கேட்கலாம். 5 கிலோமீட்டர் தாங்கும் சிக்னலை வைத்துக்கொண்டு 400 மீட்டரில் பறப்பவரின் டிரோன் மரத்துக்குப் பின்னால் போனாலும் பேச்சைக் கேட்கும். 500 மீட்டர் மட்டுமே தாங்கும் சிக்னலோடு 400 மீட்டர் போனவர் கதை வேறு. ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட் 20 மாடி உயரத்திலிருந்து யார் தலையிலாவது விழுவதை நினைத்துப் பாருங்கள். மிச்சம் வைக்கும் தூரம் அதற்காகத்தான்.

முதல் முறை பறக்கும் முன்...

* ரிமோட்டை முதலில் வாங்கி, கம்ப்யூட்டரில் சிமுலேட்டரில் பழகுங்கள். 15, 20 மணி நேரம் பழகினால், உடையும் ப்ரொப்பெல்லர்கள் பாதியாகக் குறையும்.

* பட்ஜெட்: ரிமோட், கோகிள்ஸ், சார்ஜர் எல்லாம் சேர்த்தால் அரை லட்சம் ரூபாயை நெருங்கும். டிஜிட்டல் வீடியோ என்றால் தாராளமாகத் தாண்டும்.

* வீட்டில் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். விரலைவிட அவசரம் எதுவும் இல்லை.

* ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைச் சுற்றவிட்டு, ரிமோட்டை ஆஃப் செய்து பாருங்கள். டிரோன் நீங்கள் அமைத்தபடி நடந்துகொள்கிறதா?

* வெளியே போனதும் 100 மீட்டர் தள்ளி, போதுமான உயரத்தில் ஜிபிஎஸ் ரெஸ்க்யூவை நீங்களே ஆன் செய்து சோதியுங்கள். ஆபத்தில் முதன்முறையாக அதை நம்பக் கூடாது.

* கோகிள்ஸ் போட்டுக்கொண்டு பறந்தால், டிரோனையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு நண்பரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

* முதல் பத்து முறை 10 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் டிரோனின் உண்மையான நேரத்தை அந்த நோட்டுதான் சொல்லும்.

இந்த வாரமே வாங்க வேண்டியது எது என்று கேட்டால், பேட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு ரிமோட், கூடவே ஒரு சமையலறைத் தராசு. அங்கிருந்து ஆரம்பிங்க!