பாப்பா ரொம்ப 'சமத்து'தானா? கொஞ்சம் கவனியுங்கள்!

"அழுகையே இல்லை... பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கு. என்ன சமத்து!" என்று பிறந்த குழந்தையைப் பார்த்துப் பாட்டிமார்கள் பூரிப்பதுண்டு. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், பிரசவத்தின்போது பிராணவாயு குறைந்து போன குழந்தை என்றால், அந்த அமைதியே மூளை பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம்!

தொப்புள்கொடி அழுந்துவது, நஞ்சு முன்கூட்டியே பிரிவது, கர்ப்பப்பை கிழிவது... இப்படிச் சில காரணங்களால் குழந்தைக்குப் பிராணவாயு குறையலாம். பிறந்த 1-வது நிமிடமும் 5-வது நிமிடமும் நிறம், இதயத்துடிப்பு, மூச்சு, கை கால் அசைவு, தூண்டினால் சிணுங்குவது என ஐந்தையும் பார்த்து 10-க்கு மார்க் போடுவார்கள். 1952-ல் அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா அப்கார் வகுத்த முறை இது. மார்க் குறைந்தாலே மூளை பாதிப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் 5-வது நிமிடத்திலும் 7-க்குக் கீழே என்றால் கூடுதல் கண்காணிப்பு அவசியம். மார்க் எவ்வளவு என்று கேட்டு, குறித்து வையுங்கள்.

முதல் மூன்று நாட்கள் இதையெல்லாம் கவனியுங்கள்:

* எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, அல்லது உடம்பு விறைப்பது.

* பாலைச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாதது.

* கீச்சென்று விடாத அழுகை.

* மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது.

* வலிப்பு. பச்சிளம் குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசையலாம். வாய் மென்றுகொண்டே இருக்கலாம். கண் ஒரே பக்கம் நிலைகுத்தி நிற்கலாம். துடிக்கிற கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். வெறும் நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு நிற்காது. எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும்!

'ஜன்னிக்கு நல்லது' என்று கழுதைப்பாலோ சேனைத் தண்ணீரோ புகட்டாதீர்கள். துவண்ட குழந்தைக்குப் புரையேறி ஆபத்தாகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

முதல் வாரம் தாண்டிவிட்டதா? அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறது என்றால், "அவங்க அப்பாவும் லேட்டுதான்" என்று தள்ளிப் போடாதீர்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அரசு ஆரம்பநிலை சிகிச்சை மையங்கள் உள்ளன. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ, அவ்வளவு நல்லது. பெரும்பாலும் முதலில் சந்தேகப்படுவது அம்மாதான். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்!